மாரியாயி என்னும் பெயரும் அதை மறைக்கச் சொல்வோரும்

மலையகத் தோட்டப்புறப் பெண்களின் பெயர்களைப் பற்றிப் படித்தவர் மத்தியில் ஓர் அபிப்பிராயம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. மாரியாயி, கருப்பாயி, ராமாயி, மூக்காயி, சின்னாயி முதலான பெயர்கள் கொச்சையானவை, பொருளற்றவை, எழுத்தறிவில்லாத பெற்றோர் வாய்க்கு வந்தபடி இட்டவை, ஆதலின் கல்வி பரவப் பரவ அவை மறைந்துபோவது இயல்பு மட்டுமன்றி நன்மையுமாகும் என்பது அவ்வபிப்பிராயத்தின் சாரம். பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் தாயிடம் இனிப் பிறக்கும் பிள்ளைக்காவது 'நல்ல பெயராக' வைக்கும்படி புத்தி சொல்லும் ஆசிரியரும், வேலைக்காரிப் பாத்திரத்துக்குக் கருப்பாயி என்று பெயரிட்டுவிட்டு அரங்கின் சிரிப்புக்காகக் காத்திருக்கும் நாடகாசிரியரும், பல்கலைக்கழகப் படிவமொன்றில் தாயின் பெயர் என்ற கூட்டுக்கு வந்ததும் மாணவி ஒருத்தியின் பேனாவைத் தயங்க வைக்கும் கூச்சமும் இவ்வொரே அபிப்பிராயத்தின் வேறு வேறு முகங்களாகும்.

இவ்வபிப்பிராயத்துக்கு மொழியியலிலும் ஆதாரமில்லை, வரலாற்றிலும் ஆதாரமில்லை. அது தோட்டக் காரியாலயத்தில் உருவாகி, பட்டணத்தில் மெருகிடப்பட்டு, இன்று அப்பெயருக்குரியோரின் பிள்ளைகளாலேயே ஏற்றுக்கொள்ளப்படும் நிலையை எய்தியுள்ள ஒரு பழிச்சொல். மாரியாயி என்னும் ஒரு பெயரை மட்டும் எடுத்து ஆராய்ந்தாலே இது புலனாகும்.

பெயரின் பிற்பகுதியே பெரிதும் ஏளனத்துக்கு ஆளாவது ஆகையால் அதனையே முதலில் நோக்குவது பொருந்தும். ஆயி என்பது அம்மா என்பதன் சிதைவன்று. ஆயா என்பதன் திரிபுமன்று. சங்க இலக்கியத்தில் யாய் என்பது என் தாய். ஞாய் என்பது உன் தாய். தாய் என்பது அவன் அல்லது அவள் தாய். எந்தை, நுந்தை, தந்தை என்பவற்றோடு ஒத்து நடக்கும் வரிசை இது. இம்மூன்றுக்கும் அடியில் நிற்பது தாயைக் குறிக்கும் ஆய் என்னும் சொல். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இச்சொல்லைத் திராவிட மொழிகளின் பொதுச் சொத்தாகவே கொள்கின்றது. மராட்டி மொழியில் இன்றும் தாயை ஆயி என்றே அழைப்பர். ஞாய் என்னும் சொல் வழக்கொழிந்தது, யாய் ஏட்டில் மட்டும் எஞ்சியது, தாய் பொதுப்பெயராயிற்று. அந்தப் பழைய வேர் விளிச்சொல்லாக, ஒரு பெண்ணை அழைக்கும் அன்றாடக் குரலாக உயிரோடிருந்த இடங்களுள் ஒன்று ஹற்றனிலும் நுவரெலியாவிலும் உள்ள லயங்கள். யாய் என்ற சொல்லுக்குப் பரீட்சையில் உரை எழுதிப் புள்ளி பெறும் ஒருவர் அடுத்த நிமிடம் மாரியாயி என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பாராயின் அவர் படித்தது எந்த இலக்கியம் என்று வினவ வேண்டியுள்ளது.

ஆயா என்ற சொல்லின் வரலாறு வேறு. பிள்ளை வளர்க்கும் பணிப்பெண்ணைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லான ஆயா, ஆங்கிலேயர் இல்லங்களின் வழியே இந்தியாவிலும் இலங்கையிலும் பரவியது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவரை ஆயா, ஆயம்மா என்று அழைப்பதில் அதன் சாயல் உண்டு. பாட்டியைக் குறிக்கும் தமிழ் ஆயாவும் அதனோடு கலந்திருக்கலாம். ஆயின் அப்பணிப்பெண் சொல்லைக் கொண்டு ஆயி என்னும் பெயரீற்றுக்குப் பொருள் சொல்வது, பின்னால் வந்த விருந்தாளியை வீட்டுக்காரர் என்பதற்கு ஒப்பாகும். வேலைக்காரிப் பெயர் என்ற எண்ணம் படித்தவர் மனத்தில் வேரூன்றியதற்கு இவ்வொலியொற்றுமையும் ஒரு காரணமாதல் கூடும்.

ஆயி என்பது இழிவுப் பெயரீறாயின் தமிழ்க் கத்தோலிக்கர் இயேசுவின் அன்னையை மரியாயி என்று அழைத்திருக்க மாட்டார்கள். பழைய தமிழ்ச் செபங்களிலெல்லாம் அவ்வன்னையின் பெயர் அதுவே. அந்நிய மொழிப் பெயரொன்றுக்குத் தமிழில் ஆகக் கூடிய மரியாதையை அளிக்க விரும்பிய குருமார் தேர்ந்தெடுத்த ஈறு ஆயி. புதுச்சேரியின் நடுவே, ஊருக்குக் குளம் அளித்தவளாகக் கர்ணபரம்பரை போற்றும் ஒருத்தியின் நினைவாக நிற்கும் மண்டபத்துக்கும் ஆயி மண்டபம் என்றே பெயர்.

அம்மாள் என்ற ஈற்றையும் ஆயி என்ற ஈற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தாய். கோ. நடேசையரின் துணைவியார், தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டங்களில் பாடித் தொழிலாளரை எழுப்பியவர், மீனாட்சியம்மாள் என்று வரலாற்றில் இடம்பெற்றார், இடம்பெற வேண்டியவரே. அப்பாடலைக் கேட்க மலையிறங்கி வந்த பெண்கள் மாரியாயிகளும் கருப்பாயிகளுமாயிருந்தனர். ஒரே பொருளுடைய இரு சொற்களுள் ஒன்று கனவானின் மனைவிக்கும் மற்றது கூலிக்காரிக்கும் உரியதாகப் பங்கிடப்பட்டமை சொற்களின் குற்றமன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் உதாரணம் தருவது சிலருக்கு உவப்பாயிராது எனினும் தவிர்க்க முடியாதது. ஆச்சி என்பதும் தாய்மையைக் குறிக்கும் ஆதி வேர்ச்சொற்களின் உறவினதே. சின்னாச்சி, பொன்னாச்சி, முத்தாச்சி என்ற பெயர்கள் பழைய யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் வழங்கின. இன்று அவற்றை நினைவுகூருவோர் பழமையின் அழகு என்று மெச்சுகின்றனர். சின்னாச்சி பழமையின் அழகாயின் சின்னாயி மட்டும் பட்டிக்காட்டுத்தனமாவது எவ்விதம்? பொன்னாச்சிக்கும் பொன்னாயிக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஓரெழுத்து; ஆனால் ஒருத்திக்குக் காணி இருந்தது, மற்றவளுக்குக் கூடை மட்டும் இருந்தது.

இனி, மாரி என்னும் முற்பகுதி. இதனையிட்டு இரு சாரார் வழக்காடுவர். வடமொழிப் பற்றுடையோர் மாரி என்பது கொள்ளைநோய், இறத்தலைக் குறிக்கும் வடமொழி வேரினின்று பிறந்தது, ஆகவே மாரியாயி என்பது நோய்த்தாய் என்பர். தனித்தமிழ்ப் பற்றுடையோர் மாரி என்பது மழையே, கபிலர் பாரியின் கொடைக்கு ஒப்புக் காட்டியதும் அம்மாரியையே, நோய் என்ற பொருள் பிற்காலப் புகுத்தல் என்பர். இரு சாராரும் அகராதியை மட்டும் பார்த்தனரேயன்றி, இத்தெய்வத்தைக் கும்பிட்ட மக்கள் வாழ்ந்த நிலத்தைப் பார்த்தாரல்லர்.

மலையகத்துக்கு ஆள் அனுப்பிய நிலம் திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய வறண்ட மாவட்டங்களே பெரும்பாலும். அங்கே வைசூரி தலைவிரித்தாடியது மழையற்ற கோடையில். மழை இறங்கியபின் அது தணிந்தது. சமயபுரம் முதலாக மாரியம்மன் விழாக்கள் பங்குனி, சித்திரை மாதங்களையொட்டி அமைவது தற்செயலன்று. வெக்கையும் வைசூரியும் ஒன்றாக வந்தன. மழையும் சுகமும் ஒன்றாக வந்தன. ஒரே தாய் சினந்தால் முத்துப் போடுகின்றாள், குளிர்ந்தால் மழை பொழிகின்றாள் என்று உழவன் கண்டதில் முரண்பாடு எதுவுமில்லை. அது அவனது அனுபவத்தின் நேரான மொழிபெயர்ப்பு. அந்நோயைத் தமிழில் அம்மை என்பதும், அதன் கொப்புளங்களை முத்து என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. முத்துமாரி, மாரிமுத்து, முத்தாயி ஆகிய பெயர்களெல்லாம் இவ்வோர் அனுபவத்தின் கிளைகள். வடமொழி மாரியும் தமிழ் மாரியும் வேர் வேறாயினும் கும்பிட்டவர் நெஞ்சில் ஒன்றாயின என்று கொள்வதே நேர்மையான முடிவு. எந்தப் பக்கம் சாய்ந்தும் பெயரை 'மீட்க' வேண்டிய தேவையில்லை.

இப்பெயரில் இன்னுமொரு விசித்திரம் உண்டு. மழைக்கு ஏங்கிய நிலத்தில், 1876 முதல் 1878 வரையான கொடும் பஞ்சம் போன்ற பஞ்சங்கள் துரத்திய நிலத்தில், மழைத்தாயின் பெயரைப் பெற்ற பெண், கடல் கடந்து நடந்து வந்து சேர்ந்த இடம் மழை ஓயாத மலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வட்டவளை, ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தில் மழை வரம் அன்று, அது வேலை. கொங்காணியைத் தலையிற் போட்டு, படங்கை இடுப்பிற் சுற்றி, காலில் அட்டை ஏற, கொழுந்து நனைந்து பாரமானதற்காக நிறையில் கழிவும் கொடுத்து நின்றவள் மாரியாயி. எனினும் மலையேறியபின்னும் அவள் தன் தெய்வத்தை மாற்றவில்லை. ஏறத்தாழ ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாரியம்மன் கோயில் எழுந்தது. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தோர், வாந்திபேதிக்கு வழியில் உறவினரைப் பறிகொடுத்தோர், மலையின் வாயிலாகிய மாத்தளையை அடைந்த இடத்தில் எழுந்ததும் முத்துமாரியம்மன் கோயிலே. மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம் மாத்தளையில் நிறைவுற்றபோது அவ்வழியின் பொருள் மீண்டும் ஒருமுறை நினைக்கப்பட்டது. மாரியாயி என்ற பெயர் அவ்வழியினூடாக வந்த பெயர்.

ஆயி என்னும் ஈறு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெயரே சான்று பகரும். தென்கோடித் திருநெல்வேலியில் இசக்கியம்மாள், மாடத்தி போன்ற பெயர்கள் மிகும். வடக்கே ஆர்க்காட்டுப் பக்கத்தில் முனியம்மா, எல்லம்மா போன்றவை மிகும். ஆயி ஈற்றுப் பெயர்கள் அடர்ந்து காணப்படுவது இவற்றுக்கு இடைப்பட்ட சேலம், நாமக்கல், கரூர், திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், புதுக்கோட்டைப் பகுதிகளில். பழனியாயி என்ற பெயரைச் சுமந்தவளின் மூதாதையர் எந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள் என்று சொல்ல வேறு பத்திரம் தேவையில்லை. ஊர்ப்பெயரை மறந்துபோன குடும்பங்கள் மலையகத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. பாட்டியின் பெயர் மட்டும் மறக்கப்படவில்லை. ஆய்வாளர் கப்பற் பதிவுகளையும் நிருவாக அறிக்கைகளையும் தேடுவதில் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பகுதியைத் தோட்டப் பெயர்களைத் தொகுப்பதில் செலவிட்டிருந்தால், இம்மக்களின் புறப்பாட்டைப் பற்றிய அறிவு இன்றுள்ளதைவிடக் கூடியிருக்கும்.

இப்பெயர்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுள் கனமானது ஒன்றே; அது சாதி பற்றியது. தமிழக ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் கௌரவமான பெயர்களை வைத்துக்கொள்ளத் தடுக்கப்பட்டனர். ஆதலின் அப்பெயர்களைக் களைவது சாதியைக் களைவதாகும் என்பர். இவ்வாதத்தை முன்வைப்போரின் நோக்கம் மதிக்கத்தக்கது. இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத்தில் செல்வாக்குடன் விளங்கிய ஆண்டுகளில், 1962இல் அது தடைசெய்யப்படும் முன்னர், தோட்டத்து இளைஞர் தம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச்செல்வி என்றும் மலர்விழி என்றும் பெயரிட்டமைக்குப் பின்னால் ஒரு நிமிர்வு இருந்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. ஆனால் ஆயி ஈற்றுப் பெயர்களைப் பொறுத்தவரை வாதத்தின் அடிப்படையே தவறு. கொங்கு நாட்டில் நிலமுடைய குடியானவர் வீட்டுப் பெண்களும் ராமாயி, செல்லாயி, பாவாயி, பாப்பாயி என்றே பெயர் பூண்டனர். பண்ணையார் வீட்டிலும் சேரியிலும் ஒருங்கே வழங்கிய பெயரீறு அது. இலங்கைக்கு வந்தோருள் மிகப் பெரும்பான்மையோர் கூலித் தொழிலாளர். நிலமுடைய செல்லாயி கப்பலேறவில்லை. ஆகவே இத்தீவில் அப்பெயரைக் கேட்டவர் எல்லாரும் அதைக் கூலிக்காரியின் வாயிலிருந்தே கேட்டனர். தாயகத்தில் பொதுவாயிருந்த பெயர் இங்கே கூலிப்பெயரானது இவ்வாறுதான். அதனை ஆதியிலிருந்தே இழிபெயராகக் கொள்வது, தோட்ட முறை செய்த அநியாயத்தை ஊர்மீது சுமத்தித் தோட்ட முறையைத் தப்பவிடுவதாகும்.

வேறு சில பெயர்களையிட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூக்காயி, குப்பாயி, பிச்சாயி என்பன மிகுதியாக நகைக்கப்படுபவை. முன்பிறந்த பிள்ளைகள் தொடர்ந்து இறந்த வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று மூக்குக் குத்தினர். குப்பைமேட்டிற் கிடத்தி எடுத்தனர். பிறரிடம் பிச்சையாகக் கொடுத்து வாங்கினர். சாவுக்குக் கண்படாதபடி பிள்ளைக்கு மதிப்பற்ற பெயரை இட்டனர். குப்பாயி என்ற பெயர் ஒரு மரணப் பதிவு. அவளுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளை அந்த வீடு புதைத்தது என்பதற்கான குறிப்பு. லயத்துக் குடும்பங்களின் சிசு மரணத்தைப் புள்ளிவிபரங்களில் வாசிப்போர் அதை ஒரு பெயராக எதிரில் நிற்கக் காணும்போது சிரிப்பது வியப்புக்குரியது. எல்லாப் பெயர்களையும் இவ்வாறு போற்றிவிடவும் இயலாது. போதும்பொண்ணு என்ற பெயரில் இருப்பது பெண் பிறப்பின்மீதான சலிப்பு. அப்பெயர் மறைவதில் இழப்பு இல்லை. மாரியாயியை அதனோடு ஒரே மூட்டையிற் கட்டி எறிவதே ஆட்சேபத்துக்குரியது.

தோட்ட முறை பெயரை என்ன செய்தது என்பதைத் தோட்டத்து வழக்கே எடுத்துரைக்கும். பேர் என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் வேறொரு பொருள் உண்டு. செக்றோலில் ஒரு நாள் வேலை பதியப்படுவது ஒரு பேர். குறித்த இறாத்தல் கொழுந்து எடுத்தவளுக்கு முழுப் பேர். குறைந்தவளுக்கு அரைப் பேர். கணக்கப்பிள்ளை ஒருத்திக்கு அரைப் பேர் போட்டான் என்றால் அவளுடைய நாட்கூலியில் பாதி போயிற்று என்பது பொருள். உலகில் மனிதர் பெயரைக் கொண்டு உழைப்பை அளந்த வேறு தொழில் எதுவும் இருந்ததா என்பதைத் தேடிப் பார்ப்பது பயனுடையது. பெயர் என்பது ஆளைக் குறிப்பதை விட்டு ஆளின் ஒரு நாளைக் குறிக்கலாயிற்று; பாதியாக வெட்டப்படவும் கூடியதாயிற்று.

வெள்ளைத் துரைமாருக்குத் தொழிலாளரின் தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை. 1886இல் வெளியான ஹொப்சன்-ஜொப்சன் என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, ராமசாமி என்பது தென்னிந்திய இந்துக்களைப் பொதுப்படக் குறிக்கும் பெயர் என்றும், சிறப்பாக இலங்கை முதலிய இடங்களிலுள்ள கூலிகளுக்கு வழங்குவது என்றும் பதிவு செய்துள்ளது. இலட்சக்கணக்கானோருக்கு ஒரே பெயர் போதுமானதாயிருந்தது. சின்னத்துரைமார் தமிழ் பயில வெளியிடப்பட்ட கைந்நூலொன்றின் தலைப்பு 'இங்கே வா' என்பதாகும். பெயரும் மரியாதைப் பன்மையும் இல்லாமலே ஒருவரை அழைக்க முடியும் என்பதை அட்டையிலேயே கற்பித்த நூல் அது.

இப்பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் எழுதியோர் தோட்டக் காரியாலய எழுதுவினைஞர்கள். ஆங்கில எழுத்தில் மாரியின் ஆகாரமும் மரியின் அகரமும் வேறுபடுவதில்லை. அவ்வாறு எழுதப்பட்டதைப் பின்னர் வாசித்தவர் மாரியாயி என்றும் வாசிக்கலாம், மரியாயி என்றும் வாசிக்கலாம், மரியே என்றும் வாசிக்கலாம். அது சிங்களத்துக்குப் போய், அங்கிருந்து மீண்டும் தமிழுக்கு வந்தபோது மாரியாய், மரியாய், மாரியை என்றெல்லாம் உருவெடுத்தது. பிறப்புப் பதிவில் ஒன்று, செக்றோலில் ஒன்று, திருமணப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று. பெயருக்குரியவளோ கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைத்தவள். எழுதப்பட்டது தன் பெயர்தானா என்று பார்க்க அவளால் இயலவில்லை, பார்க்கும்படி எவரும் சொல்லவுமில்லை.

இதன் விளைவு எழுத்துப் பிழையோடு நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் சமர்ப்பிக்கப்பட்டன; பிரசாவுரிமை பெற்றோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவில் மட்டுமே. இடையறாத வதிவைப் பத்திரங்களால் நிரூபிக்க வேண்டிய அவ்விசாரணைகளில், ஒரு பத்திரத்தின் மாரியாயியும் இன்னொரு பத்திரத்தின் மரியாயும் ஒரே ஆள் என்று நிறுவும் பாரம் விண்ணப்பதாரியின் தலையில் இருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் செய்த ஒப்பந்தம் சரிபாதியாக்கிற்று. தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்ச் சேர்ந்தோரும் தம் சிதைந்த பெயர்களையே குடும்ப அட்டையில் சுமந்து சென்றனர். இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டத்தில் முடிவுற்றது 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால். பத்திரத்திலுள்ள பெயர் அதனோடு திருந்திவிடவில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியை ஓய்வின்போது பெறச் செல்லும் ஒரு பெண்ணிடம் இன்றும் முதலில் கேட்கப்படுவது, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றுதானா என்பதே.

இங்குதான் 'கொச்சைப் பெயர்' என்ற அபிப்பிராயத்தின் தீங்கு வெளிப்படுகின்றது. மீனாட்சியை மினச்சி என்று எழுதிய எழுதுவினைஞரும் லட்சுமியை லெச்சிமி என்று எழுதியவரும் தாம் எழுதியது பிழை என்று அறிந்திருக்கக் கூடும். மாரியாயியைப் பொறுத்தவரை அந்த ஐயமே எழவில்லை. பொருளற்ற பெயருக்குச் சரியான எழுத்து எப்படி இருக்க முடியும்? எப்படி எழுதினாலென்ன? பெயருக்குப் பொருளில்லை என்று கருதிய அக்கணத்திலேயே அதனைப் பிழையாக எழுதும் உரிமையும் கிடைத்துவிட்டது. அறிஞர் அவையில் சொல்லப்படும் சொற்பிறப்பியல் விளக்கத்துக்கும் சேமலாப நிதிக் காரியாலயத்தின் வரிசைக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இளந்தலைமுறை இப்பெயர்களை விரும்பவில்லையே, வற்புறுத்துவது எங்ஙனம் எனச் சிலர் வினவுவர். எவரையும் வற்புறுத்த வேண்டியதில்லை. நிரோஷனி என்றோ டிலக்சனா என்றோ பெயரிடப்பட்ட சிறுமி அப்பெயரை மகிழ்ந்து சுமக்கட்டும். எண் சோதிடர் கூட்டிக் கொடுத்த எழுத்துக்களின் பொருளை அவளிடம் கேட்டு வருத்துவதும் நாகரிகமன்று. தமிழில் பேரன், பேத்தி என்ற சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ. பாட்டன் பெயரைப் பூண்டவன் பெயரன். பாட்டி பெயரைப் பூண்டவள் பெயர்த்தி. மலையகத்தில் பேத்திகள் உண்டு, பெயர்த்திகள் அருகிவிட்டனர். அது வரலாற்றின் ஓட்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் தன் பாட்டியின் பெயரைச் சொல்ல நேரும்போது குரலைத் தாழ்த்தும்படி அவளுக்குக் கற்பித்தவர்கள் வரலாற்றின் ஓட்டத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அவர்களுள் ஆசிரியர் இருக்கின்றனர், எழுத்தாளர் இருக்கின்றனர், தமிழ்த்துறைகளிற் பட்டம் பெற்றோரும் இருக்கின்றனர்.

செய்யக்கூடியவை அதிகமில்லை, கடினமுமில்லை. தமிழ்ப் பெயராய்வு என்று வந்தால் மன்னரும் புலவரும் மட்டுமே கட்டுரைப் பொருளாகும் வழக்கத்தை விட்டுத் தோட்டத்துச் செக்றோல்களும் கோயில் வரிப் பதிவுகளும் அழியுமுன் அவற்றிலுள்ள பெண்பெயர்களை மாணவர் தொகுக்கலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. ஆகவே பதிவாளரும் பிரதேச செயலகமும் பெயரை முதலில் தமிழில் எழுதி, உரியவளுக்கு வாசித்துக் காட்டியபின் பிற மொழிகளுக்கு மாற்றலாம். இப்போதைய நடைமுறை வேறு. இரு பெயரும் தன்னையே குறிக்கின்றன என்று அறுபது வயதைக் கடந்த மாரியாயி சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு நாட் கூலியையும் பஸ் செலவையும் இழக்க வேண்டும். அவள் பெயரை முதன்முதலிற் பிழையாக எழுதியவர் எவர் என்பதற்கு அக்கடதாசியில் இடம் விடப்படுவதில்லை.